பாப்பா என்று போட்ட தடுப்பூசி அட்டை

பீரோவைத் திறந்ததும் அந்துருண்டை வாசனையோடு உங்கள் சட்டை வாசனையும் வந்தது. நீங்கள் போய் ஒரு வருஷம் ஆன பிறகும் அது போகவில்லை. அன்றைக்கு நின்று பார்க்க நேரமில்லை. பேத்தி யாழினியின் தடுப்பூசி அட்டையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

நம் பிள்ளை கனடாவுக்குக் குடிபோய் இரண்டு மாதம். அங்கே குடியிருக்கிற தெருவை வைத்துத்தான் பள்ளிக்கூடமாம். நாலைந்து பள்ளிகளை விசாரித்து, பிடித்த ஒன்றுக்காகவே அதன் பக்கத்தில் சின்ன வீடாகப் பார்த்துப் போயிருக்கிறான். "வெள்ளிக்கிழமைக்குள்ள ஊசி போட்ட விவரம் குடுக்கணும்மா. இல்லேன்னா இடம் வேற புள்ளைக்குப் போயிடும். அடுத்த ஸ்கூலுக்கு ரெண்டு பஸ் மாறணும். அவளுக்கு இன்னும் இந்த ஊர்ப் பேச்சே வரல" என்றான். அன்று புதன்கிழமை.

அட்டை உங்கள் வேட்டிக்கு அடியில் இருந்தது. பெயர் எழுதும் இடத்தில் 'பாப்பா'. போட்டோ எடுத்து அனுப்பினேன். "பாஸ்போர்ட்ல யாழினி, இதுல பாப்பா. ஒத்துக்க மாட்டாங்கம்மா" என்றான்.

பிறந்த அன்று நர்ஸ் கேட்டதும் நீங்கள் பெயரைச் சொல்ல வாயெடுத்தீர்கள். தீட்டுக் கழியாமல் சொல்லக் கூடாது என்று கையைக் கிள்ளியது நான்தான். ஆனால் பெயர் வைத்த மறுநாளே மாற்றிவிட்டு வரச் சொன்னேனே. "ஆகட்டும் சரசு, பாப்பா எங்க ஓடிப்போறா?" என்று சிரித்தீர்கள். எல்லாவற்றிலும் பாதி வேலைதான் இந்த மனுஷனுக்கு என்று உங்கள் படத்துக்கு முன்னால் நின்று வாய்விட்டே திட்டினேன்.

வியாழக்கிழமை காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி, அவள் பிறந்த மன்னார்புரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"பழைய நோட்டெல்லாம் பரண்ல கிடக்கு பாட்டி. திங்கக்கிழமை வாங்க" என்றாள் அங்கிருந்த பெண்.

"திங்கக்கிழமைக்கு என் பேத்தி இடம் போயிடும்மா. நீ எடுக்கற வரைக்கும் இப்படியே உக்காந்திருக்கேன்."

மத்தியானம் ஆனது. போன் இரண்டு தடவை அடித்தது. பிள்ளைக்கு என்ன சொல்வது என்று எடுக்கவில்லை. கடைசியில் அந்தப் பெண் நோட்டைத் தூசி தட்டிக் கொண்டுவந்து பக்கத்தைப் புரட்டினாள். பாப்பா என்பதை ஒரே கோடாக அடித்து, மேலே யாழினி. வால் நீண்ட உங்கள் 'ழ'. பக்கத்தில் கையெழுத்து.

"இதுல அப்பவே திருத்தியிருக்காங்களே பாட்டி. அன்னிக்கு அட்டையைக் கொண்டுவரலையா?"

எப்படிக் கொண்டுவருவீர்கள்? அட்டை அப்போது மருமகளோடு மருங்காபுரியில், அவள் அம்மா வீட்டில் இருந்தது. போய் வந்ததை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

டாக்டர் புதுச் சான்று கொடுத்தார். "வாங்கினதுக்கு இங்க ஒரு கைநாட்டு வைங்க பாட்டி" என்று அந்தப் பெண் நோட்டில் அதே பக்கத்தை நீட்டினாள்.

"அஞ்சாங்கிளாஸ் முடிச்சவ நான். பேனாவைக் குடும்மா."

சான்றை அன்றைக்கே பிள்ளைக்கு அனுப்பினேன். போன வாரம் போட்டோ வந்தது. பள்ளிக்கூட வாசலில் யாழினி, நெஞ்சில் ஆங்கிலத்தில் பெயர்ச் சீட்டு. எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டேன்.

பழைய அட்டையை உங்கள் வேட்டிக்கு அடியிலேயே திரும்ப வைத்தேன். அந்த நோட்டில் உங்கள் கையெழுத்துக்குக் கீழே இப்போது என்னுடையதும் இருக்கிறது. ஆனால் திட்டியதை அடித்துத் திருத்த எனக்கு ஒரு நோட்டும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.