காப்பு கட்டிய பத்து நாள்

வெள்ளி, 18 ஜூலை

விடிந்ததிலிருந்து மழை. கோயில் கூடாரத்துக்குள் தண்ணீர். வீட்டு நாற்காலி ஆறும் திருவிழாவுக்குப் போய்விட்டன. கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காப்பு கட்டியாச்சு. என் கையிலும்.

அபிஷேகத்துக்கு ஒத்தாசை என்றுதான் அண்ணன் கூப்பிட்டார். போனால், கரகத்துக்கு என் பெயர். எங்கள் கோயிலில் முதல் கரகம் கல்யாணம் ஆகாத பெண்தான் தூக்கணும். தாமான் வீடுகளில் இருந்த பெண்கள் எல்லாம் ஹாஸ்டலில், இல்லை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் நாற்பத்தொரு வயசு நான். பூசாரி பாவம், ஒரு வார்த்தை கேட்டார்.

"சரசுவுக்குச் சம்மதமா?"

"அவளுக்கு என்ன, சந்தோஷம்தான்." பதில் அண்ணனுடையது. முடிச்சு விழுந்துவிட்டது.

லீவு? என் சூப்பர்வைசருக்கே வாட்சாப் அனுப்பிவிட்டாராம். என் போனிலிருந்து.

பிறகு மைக். கோயில் தலைவர் ஆனதிலிருந்து அண்ணனுக்கு மைக்தான் வாய். "காப்பு கட்டுனவங்க ஒன்பது பேரு. அடுத்த வாரம் ஞாயிறு தீமிதி முடியிற வரைக்கும் எல்லை தாண்டக்கூடாது. வடக்க பெட்ரோல் ஸ்டேஷன், தெக்க பழைய தண்ணித் தொட்டி. சிங்கப்பூர் பாலத்துப் பக்கமே போவாதீங்க லா."

ரப்பர் தோட்டம் போய் வீடுகள் வந்தாச்சு. எல்லை மட்டும் அப்படியே இருக்கிறது.

சனி, 19

வெயில். துணி காய்ந்தது.

மகேஸ் போன். ஃபேக்டரியில் என் பக்கத்து மிஷின். "அக்கா, சிங்கப்பூர்ல அந்த ஜூரோங் ரூம் கெடச்சிருச்சு. புதன்கெழம பத்து மணிக்கு வீட்டுக்காரம்மா ஒங்கள நேர்ல பாக்கணுமாம். வேல பெர்மிட் கொண்டு வாங்க. வரலன்னா வேற ஆளுக்குப் போயிரும்."

அஞ்சு மாசமாகத் தேடிய ரூம். எட்டுக்குப் பத்து, ஒரு ஜன்னல். எனக்குப் போதும். பதினாறு வருஷமாக நாலு மணிக்கு எழுந்து கம்பெனி பஸ், பாலம், ஜாம், சிங்கப்பூர் ஃபேக்டரி. திரும்பி வந்தால் அண்ணன் பிள்ளைகளின் யூனிஃபார்ம். வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் கஷ்டம். யார்மேல் கோபப்படுவது?

அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. தீபாவளி முடியட்டும், பொங்கல் முடியட்டும் என்று தள்ளி, இப்போது தீமிதி.

திங்கள், 21

செய்யக் கூடாதவை: கறி மீன். செருப்பு. சாவு வீடு. மெத்தை (பாயில்தான் படுக்கை). எல்லை.

ஆம்பளைகள் எட்டு பேரும் கோயிலிலேயே தங்கல். அண்ணனும். நான் மட்டும் வீட்டில், அண்ணி கண் முன்னால்.

மாசத் தீட்டு வந்தால் கரகத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். தேதி நெருங்கிவிட்டது. இன்னும் வரவில்லை. அதுகூட அண்ணன் கட்சி.

செவ்வாய், 22

கூழ். மத்தியானம் தலைவலி.

நம்பிக்கை இல்லாதவளாக இருந்தால் பரவாயில்லை. எனக்கு நம்பிக்கை இருக்கிறது. பயமும் இருக்கிறது. கயிறு ஈரமாக இருந்தால் கை அரிக்கிறது. கழற்ற மனசு வரவில்லை.

அண்ணி கேட்டார்: "என்னா சரசு, ஒரு மாதிரி இருக்க?"

"விரதம் அண்ணி."

புதன், 23

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கிளினிக் போகிறேன் என்று சொல்லிவிட்டு எட்டு மணிக்குக் கிளம்பினேன். வெறுங்காலோடு பஸ் ஸ்டாப். அங்கே போய்ச் செருப்பு. தண்ணித் தொட்டியைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை. பஸ்ஸில் ஒரு பிள்ளை அழுதது, அவ்வளவுதான்.

இமிக்ரேஷன் வரிசை. பக்கத்து வரிசையில் ஒரு ஆள், இந்த வெயிலில் முழுக்கை சட்டை. பாஸ்போர்ட் எடுக்கும்போது கைப்பட்டி விலகி மஞ்சள் கயிறு தெரிந்தது.

அண்ணன்.

என் கையைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார்.

"எங்க?"

"ரூம் பாக்க."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

கைப்பட்டியை இழுத்துக் கயிற்றை மூடினார். பிறகு மெல்ல, "எனக்கு லீவு குடுக்கலம்மா. திங்கக்கெழமையிலருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்க்கிட்டுத்தான் இருக்கேன். மோட்டார் சைக்கிள்ல போனா நம்ம ஆளுங்க பாத்துருவாங்க, அதான் பஸ்ஸு." அவர் வரிசை நகர்ந்தது. போய்விட்டார்.

மைக் இல்லாமல் அவர் குரல் இவ்வளவு சின்னது என்று எனக்குத் தெரியாது. பாவமாக இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது.

வீட்டுக்காரம்மா பெர்மிட்டை இரண்டு முறை பார்த்தார். சாவி கிடைத்தது. ஒண்ணாம் தேதியிலிருந்து.

வியாழன், 24

அண்ணன் துணி மாற்ற வீட்டுக்கு வந்தார். "சாப்ட்டியா?" என்றார். "ம்." சட்டையை மாற்றிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிவிட்டார்.

ஞாயிறு, 27

தீமிதி முடிந்தது. யாருக்கும் காலில் கொப்புளம் இல்லை. அண்ணனுக்கும் இல்லை. அதை நினைத்தால்தான் பயம்.

காலையில் கரகம். வேப்பிலை, பூ, உள்ளே தண்ணீர், என்ன கனம். சாவியை இடுப்பில் முடிந்திருந்தேன், நடக்க நடக்கக் குத்தியது. கோயில் வாசலுக்கு வந்ததும் அண்ணன் மைக்கை எடுத்தார்.

"அடுத்த வருஷமும் கரகம் நம்ம தங்கச்சி சரசுதான். அதுக்குச் சந்தோஷம்தான்."

தெரிந்தே சொன்னார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

தலையில் கரகம். இல்லை என்று தலையாட்டினால் விழும். வாயைத் திறந்தேன். மேளம் என் குரலை அமுக்கிவிட்டது. ஜனம் கும்பிட்டது.

நாலு மணிக்குக் காப்பு அறுத்தார்கள். மணிக்கட்டில் மஞ்சள் கோடு, சோப்புக்குப் போகவில்லை.

வீட்டுக்கு வந்தேன். கோயிலில் இன்னும் பாட்டு. அண்ணி அடுப்படியில். "நாளைக்கு வேலைக்குப் போறியா? சோறு கட்டவா?"

"ம்" என்றேன். சே.

துணிப் பெட்டி அலமாரி மேலே. எட்டவில்லை. ஏற நாற்காலி வேண்டும். நாற்காலி எல்லாம் கோயிலில்.

கட்டிலை இழுத்தேன். சிமெண்டுத் தரையில் பெரிய சத்தம்.

"என்னா சரசு அது?"

"பெட்டி எடுக்கறேன் அண்ணி."