அரை டம்ளர் தண்ணீர்

மே 27
வயலிலிருந்து வந்ததும் இவர் ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து மடமடவென்று குடித்தார். தண்ணீரை அளந்துதான் குடிக்கணும் என்றிருந்த டயாலிசிஸ் காலத்தில் அரை டம்ளருக்கு என்னிடம் கையேந்தி நின்ற மனுஷன். என் கிட்னியை இவருக்கு வைத்து ஒரு வருஷமாகிறது. இவர் தண்ணீர் குடிப்பதைப் பார்க்க எனக்கு இன்னும் அலுக்கவில்லை. நாளைக்கு இவருக்குத் தஞ்சாவூரில் ஸ்கேன். வழக்கமானதுதான்.

மே 28
கிட்னியில் கட்டியாம்.

ஜூன் 6
புற்றுநோய்தான். டாக்டர் மெதுவாகத்தான் சொன்னார்: "அந்த செல்லு அவரோடது இல்லம்மா, உங்களோடது. குடுக்கறப்பவே ஸ்கேன்ல தெரியாத அளவுல இருந்திருக்கு."

என்னோடது. ஊரே மாலை போடாத குறையாகப் புகழ்ந்ததே, இதையா கொடுத்தேன்? சீ! எங்கள் ஊர் திருக்காட்டுப்பள்ளி வரும்வரை பஸ்ஸில் இவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூன் 7
பல இடத்தில் இருப்பதால் கட்டியை மட்டும் வெட்ட முடியாதாம். கிட்னியையே எடுத்துவிட்டு, அதை உடம்பு ஏற்பதற்காகப் போடும் மாத்திரைகளையும் நிறுத்த வேண்டும். அந்த செல் மிச்சம் மீதி இருந்தாலும், தன்னுடையது இல்லை என்று இவர் உடம்பே எதிர்த்து அழித்துவிடும் என்கிறார்கள். அப்புறம் பழையபடி டயாலிசிஸ்.

இவர் முடியாது என்கிறார். "நீ அறுத்துக் குடுத்தது. எடுத்துக் குப்பையில போடச் சொல்றியா?"

ஜூன் 8
எனக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். மிச்சமிருக்கும் ஒன்று சுத்தமாக இருக்கிறதாம். எனக்கு ஒண்ணுமில்லையாம்! சந்தோஷப்படணுமா? கடவுளே, இவர் இல்லாம இத வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?

ஜூன் 10
இவருடைய அக்கா பிரகதீஸ்வரி வந்து அழுதார். "நீ சொன்னாதான் கேப்பான், அனு." சொல்லாமலா இருக்கிறேன்? கெஞ்சினேன், சண்டை போட்டேன், பட்டினி கிடந்தேன். மனுஷன் அசையவில்லை. உள்ளே அது வளர்ந்துகொண்டிருக்கிறது — என்னோடது.

ஜூன் 12
கத்திவிட்டேன். "அது என் கிட்னிங்க! என்னோடது. திருப்பிக் குடுங்க!"

இவர் திகைத்துப்போனார். அப்புறம் சிரித்தார் — சிரிப்பா, அழுகையா தெரியவில்லை. "குடுத்தத திருப்பிக் கேக்கறவ நீ ஒருத்திதான்டி." எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். "சரி, கெளம்பு."

ஜூன் 19
எடுத்துவிட்டார்கள்.

ஜூலை 20
ஸ்கேனில் புதிதாக எதுவும் இல்லை.

வாய்க்காலில் தண்ணீர் முட்ட முட்ட ஓடுகிறது. இவர் கரையில் நின்று பார்த்துவிட்டு வந்து என்னிடம் கையை நீட்டினார். செம்பைப் பரண் மேல் போட்டுவிட்டேன். அரை டம்ளர் கொடுத்தேன்.

"இன்னும் கொஞ்சம்டி" என்றார்.

கொடுக்கவில்லை.