அந்தம்மா இன்னும் போகலை

பெரியநாயக்கன்பாளையம்
12.7.2024

அன்புள்ள யாஸ்மினுக்கு,

மாமா பிழைத்து வீடு வந்து சேர்ந்துவிட்டார். லேத் பட்டறையில் இடது கை தொங்கி அவர் சரிந்த அன்று, ஸ்கேன் படங்களை டாக்டரான உனக்குத்தானே முதலில் அனுப்பினேன்? "வலது மூளையில் ஓர் இடம் நைந்திருக்கிறது. அடைத்திருக்கிற ரத்தக்கட்டியைக் கரைக்க ஊசி போட்டால் அங்கே ரத்தம் கசியலாம். போடாவிட்டால் ஆளே படுத்துவிடுவார்" என்றாய். ஆஸ்பத்திரியிலும் அதையேதான் சொன்னார்கள். கையெழுத்துப் போட்டேன். மறுநாள் படத்தில், நீ சொன்ன அதே இடத்தில் ரத்தம் கசிந்து வெள்ளையாக ஒரு திட்டு.

கை திரும்பிவிட்டது. இடது காலை இழுத்து இழுத்து நடக்கிறார். ஆனால் கட்டின பெண்டாட்டி என்னிடம் 'ங்க' போட்டுப் பேசுகிறார், யாஸ்மின். கல்யாணமான நாளிலிருந்து 'ஏ புள்ள' தவிர வேறு கேட்டறியேன். நேற்று சோறு போடும்போது மெதுவாகக் கேட்டார்: "ஏனுங்க, எங்கூட்டுக்காரி எப்ப வருவா?"

விளையாட்டு என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

போனில் பேசினால் அவர் காதில் விழும். அதனால்தான் கடிதம்.

உன்
புவனா

சென்னை
20.7.2024

என் புவனாவுக்கு,

அவர் உன்னை மறக்கவில்லை. உன் முகம் தெரிகிறது. பார்த்ததும் 'இவள் என்னவள்' என்று உள்ளே எழ வேண்டியது எழவில்லை. அதனால் உன்னைப்போலவே வேறொருத்தி வந்திருப்பதாக மனசு முடிவு கட்டிவிடுகிறது. அபூர்வமாக இப்படி வரும். எங்கே கசியலாம், எவ்வளவு வாய்ப்பு என்பதைப் படத்தை வைத்துக் கம்ப்யூட்டர்கூடச் சொல்கிறது. கசிந்தால் மனுஷனுக்குள்ளிருந்து எது போகும் என்று சொல்ல எங்களில் யாருக்கும் தெரியாது.

அவரோடு வாதாடாதே. நரம்பு டாக்டரிடம் உடனே கூட்டிப் போ. பக்கத்து அறையிலிருந்து ஒருமுறை போன் பண்ணிப் பார். முகம் இல்லாவிட்டால் குரலை நம்பக்கூடும்.

நீ சாப்பிடுகிறாயா? அதை மட்டும் எழுதவே இல்லை.

யாஸ்மின்

பெரியநாயக்கன்பாளையம்
4.8.2024

யாஸ்மின்,

நீ சொன்னபடி சமையலறையிலிருந்து போன் பண்ணினேன். "புவனா!" என்று குழந்தை மாதிரி அழுதுவிட்டார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இங்க ஒரு அம்மா இருக்காங்க. நல்லவங்கதான். ஆனா உன் சேலையைக் கட்டிக்கறாங்க. உன் குரல்லயே பேசறாங்க. பயமா இருக்குது புள்ள, வந்துரு."

தினமும் பேசுகிறோம். "வாரேன் மாமா" என்பேன். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். சிலருக்குச் சில மாதங்களில் சரியாகுமாம்.

இன்று காலை போனில் சொன்னார்: "அந்தம்மாவைப் போகச் சொல்லிப்போடறேன். நீ வந்து கதவைத் தட்டு."

பின்வாசல் வழியாக வெளியே வந்தேன். ஊரிலிருந்து வருகிறவள் மாதிரி கையில் ஒரு பை. தலை வாரி, பூ வைத்துக்கொண்டு, வீட்டைச் சுற்றிப் போய்த் தட்டினேன். உள்ளே அவர் ஓடி வருகிற சத்தம் கேட்டது. அந்தக் காலோடு ஓடி வந்தார், யாஸ்மின்.

திறந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. என்னைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. என் தோளுக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தார். பிறகு கைகூப்பினார்.

"தப்பா நெனைக்காதீங்க. இனி நீங்க இங்க வரக்கூடாதுங்க. எம்பொண்டாட்டி வர்ற நேரம்."

கதவைச் சாத்திவிட்டார்.

வாசல்படியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். உள்ளே இரண்டு தட்டு எடுத்து வைக்கிறார். சத்தம் கேட்கிறது. மடியில் போன் அடிக்கிறது. அவர்தான். எடுத்ததும், "எங்க வந்துட்டிருக்கே புள்ள?" என்பார்.

புவனாதான்