கீழ்வீட்டில் கேட்ட தண்ணீர்

சின்னம்மா,

இன்று காலை கீழ்வீட்டு அம்மா கதவைத் தட்டி உன் டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மூடியில் உன் பெயர் பொறித்த, கல்யாணச் சீரில் வந்த அதே எவர்சில்வர் டப்பா. திறந்தால் பிளம் பழ ஜாம், அதில் புளி வாசம். நியூரம்பெர்க்கில் ஒரு ஜெர்மன்கார அம்மா கிண்டிய ஜாமில் கம்பைநல்லூர்ப் புளி மணக்கிறது என்றால் அதற்கு ஒரே ஆள்தான் காரணமாக இருக்க முடியும். அந்த ஆளிடம் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். எடுத்த பிறகுதான் நீ இல்லை என்பது ஞாபகம் வந்தது.

அதனால் எழுதுகிறேன். நீட்டி முழக்கினால் உனக்குப் பிடிக்காது, எனக்கும் வராது.

நீயும் சின்னப்பாவும் ஊர் சுற்றிப் பார்க்க வருவதாகத்தான் எல்லோரிடமும் சொல்லி வைத்தோம். உண்மை நம் மூன்று பேருக்கும் தெரியும். கம்பெனியில் என்னை நிரந்தரமாக்க ஒப்பந்தம் நீட்டியிருந்தார்கள். கையெழுத்துப் போட்டால் இதுதான் என் ஊர். அப்பா இல்லாத வீட்டில் அம்மா தனியாக இருக்க, அவள் சரி என்று சொல்லாமல் எனக்குக் கை வரவில்லை. அவளோ ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்: "சின்னவ போயி பாத்துட்டு வந்து சொல்லட்டும். அவ வேணாம்னா நீ பொட்டியக் கட்டு."

நம் வீட்டில் பெண் கொடுப்பதற்கு முன் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போவது எப்போதும் நீதான். அரூர் ஆபீசில் லீவு சொல்லிவிட்டு, பஸ் பிடித்து, சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பாய். மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும் முன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டித் தண்ணீர் கேட்பாய். "மாப்ள வூட்டுத் தண்ணி எப்பவும் இனிக்கத்தான்டா செய்யும். பக்கத்து வூட்ல குடிச்சாத்தான் உப்பா, கரிப்பான்னு தெரியும்" என்பாய். நீ வேண்டாம் என்று சொல்லி நின்றுபோன சம்பந்தங்கள் உண்டு. அதற்காக உன்மேல் மண்ணை வாரித் தூற்றியவர்களும் உண்டு. அடுத்த வாரம் அவர்கள் வீட்டு விசேஷத்திலேயே முதல் பந்தியில் உட்கார்ந்து, ரசம் நல்லா இருக்குது என்று சொல்லிவிட்டு வருவாய். அந்தத் தைரியம் எனக்கு எப்போதும் ஆச்சரியம்தான்.

இதெல்லாம் தெரிந்தும் நான் என்ன செய்தேன்? உங்களுக்கு அட்டவணை போட்டேன். எந்த நாள் எந்த மியூசியம், எங்கே ரயில் மாறுவது, எங்கே சாப்பாடு என்று எல்லாவற்றுக்கும் நேரம் குறித்திருந்தேன். ஊரைப் பளிச்சென்று காட்டினால் நீ மயங்கிவிடுவாய் என்று ஒரு கணக்கு. இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதுகிறவன், மனிதர்களையும் அப்படியே ஓட்டிவிடலாம் என்று நினைத்துவிட்டேன்.

முதல் நாள் கோட்டைக்குக் கூட்டிப்போனேன். மலை மேல் இருக்கும் அந்தப் பழைய கோட்டைக்குள் பாறையைக் குடைந்து தோண்டிய ஆழமான கிணறு ஒன்று உண்டு. வழிகாட்டிப் பெண் சொம்பளவு தண்ணீரை ஊற்றிவிட்டு, கீழே விழும் சத்தம் வரும் வரை எல்லோரையும் காத்திருக்கச் சொன்னாள். சத்தம் வந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். நீ தட்டவில்லை.

"டிக்கெட் போட்டு கெணறு காட்டறாங்களாடா?"

"பழைய கிணறு சின்னம்மா. எவ்வளவு ஆழம் பாரு."

"இதென்ன ஆழம்? நம்ம காட்டுல போர் போட்டமே, புகைதான் வந்துச்சு. இதுல ஊத்துன தண்ணியாவது போயி சேருது." சின்னப்பா அதற்குள் கிணற்றுச் சுவரை வளைத்து வளைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். "இந்த மனுசன் நம்ம கெணத்த ஒரு நாளு போட்டோ புடிச்சிருக்காரா கேளு" என்றாய்.

வீடு திரும்பிப் படியேறும்போது உன்னைக் காணோம். திரும்பிப் பார்த்தால், என் வீட்டுக்கு நேர் கீழே இருக்கும் கதவை நீ தட்டிக்கொண்டிருக்கிறாய். கையில் புளி டப்பா. வீடு பார்க்கப் போகிறவர்கள் வெறுங்கையோடு போகக் கூடாதே!

எனக்கு உயிரே போய்விட்டது. இந்த ஊரில் சொல்லாமல் யாரும் யார் கதவையும் தட்டுவதில்லை. அதுவும் அந்த அம்மா டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர், கறாரானவர். இங்கே சத்தமே கூடாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நான் மிக்சி ஓட்டியதற்குக் கதவில் சீட்டு ஒட்டிவிட்டுப் போயிருந்தார். "சின்னம்மா, வேணாம், வா" என்று நான் தாவி இறங்குவதற்குள் கதவு திறந்துவிட்டது. நீ கட்டைவிரலை வாயருகே சாய்த்துக் காட்டினாய். அவர் உன்னைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு கண்ணாடி டம்ளரில் கொண்டுவந்தார்.

ஒரு மடக்குக் குடித்ததும் உன் முகம் போன போக்கு! "என்னடா, தண்ணி கேட்டா சோடா குடுக்குது?"

"இங்க எல்லாரும் அதத்தான் குடிப்பாங்க."

"செரி. கேளு, இந்தப் பையன் எப்பிடின்னு."

"என்னைப் பத்தி நானே கேக்கறதா?"

"பின்ன? நானென்ன ஜெர்மன் படிச்சுப்போட்டா வந்திருக்கேன்? கேளுடா."

கேட்டேன். அந்த அம்மா கதவு நிலையில் சாய்ந்து யோசித்தார். உபசாரமாக நாலு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது இது: "எனக்கு இவரைத் தெரியாது. இவருக்கு வரும் பார்சல்களை நான் வாங்கி வைக்கிறேன். வந்து எடுத்துக்கொண்டு நன்றி சொல்வார். படியில் எதிரே வந்தால் போனைப் பார்த்துக்கொண்டு போவார். பெயரையே அழைப்பு மணிப் பலகையில்தான் படித்தேன். நாளை இவர் காலி செய்து போனாலும் எனக்குத் தெரியவராது."

நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். நல்ல பையன் என்கிறார் என்று சொல்லியிருந்தால் என் வேலை தங்கும், உனக்கு எதுவும் தெரியப்போவதில்லை. ஆனால் எனக்கு அப்படிப் பூசி மெழுக வராது. இருந்ததை இருந்தபடி தமிழில் சொன்னேன்.

"செரி" என்று டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாய். டப்பாவையும் அவர் கையில் வைத்தாய். எனக்கு முன்னால் விறுவிறுவென்று படியேறினாய். என் ஒப்பந்தம் அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் சமையலறையில் நின்று அம்மாவுக்குப் போன் போட்டாய். நான் கேட்க வேண்டும் என்றே சத்தமாகப் பேசினாய். "அக்கா, ஊரு நல்லா இருக்குது. வூடு சுத்தமா இருக்குது. ஆனா இவனுக்கு ஒரு காய்ச்சல் வந்தா தட்டறதுக்கு ஒரு கதவு இல்ல. கூட்டியாந்துடலாமான்னு பாக்கறேன்." எனக்குக் கோபம் வந்தது. "இங்க எல்லாரும் அப்பிடித்தான் இருக்காங்க சின்னம்மா, ஒரு நம்பருக்குப் போன் பண்ணா ஆம்புலன்ஸ் வரும்" என்று கத்தினேன். நீ போனைக் கையால் பொத்திக்கொண்டு, "ஆம்புலன்சு வரும். கஞ்சி வருமாடா?" என்றாய். பிறகு போனில், "நான் இன்னும் கெளம்பலக்கா. கெளம்பறப்ப முடிவ சொல்றேன்" என்று வைத்துவிட்டாய்.

மறுநாள் காலை அந்த அம்மா நம் கதவைத் தட்டினார். கையில் டப்பா. இதை என்ன செய்வது, ரொட்டியில் தடவுவதா என்று கேட்டார். நீ அவர் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாய். அவ்வளவுதான், என் அட்டவணை முடிந்தது. அதற்கப்புறம் ஊரைக் காட்டியது நான் இல்லை, அவர்தான். தான் ஓட்டிய தடத்தில் டிராமில் கடைசி நிறுத்தம் வரை உங்களைக் கூட்டிப்போனார். எந்த வளைவில் சக்கரம் கிறீச்சிடும் என்று முன்கூட்டியே காதைப் பொத்திக் காட்டினார். நகரத்துக்கு வெளியே வாடகைக்கு எடுத்திருக்கும் சின்னத் தோட்டத்துக்கு அழைத்துப்போனார். நீ புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர் பீன்ஸ் பாத்தியில் களை பிடுங்க இறங்கினாய். நீ தமிழில் பேசினாய், அவர் ஜெர்மனில் பேசினார். நடுவில் மொழிபெயர்க்க வந்த என்னை, "நீ போடா, நாங்க பேசிக்கறோம்" என்று துரத்திவிட்டாய். இங்கே வந்து இத்தனை வருடமாகியும் நான் அந்தக் கடைசி நிறுத்தத்தைப் பார்த்ததில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது.

கிளம்பும் நாளில், பெட்டிகளெல்லாம் கீழே போன பிறகு அம்மாவுக்குப் போன் போட்டாய். "கையெழுத்து போடட்டும்க்கா. கீழ ஒரு கதவு இருக்குது" என்றாய். எனக்கு ஆறவில்லை, அப்போதும் கேட்டேன். "நான் நல்ல பையன்னு அவங்க சொன்னாங்களா என்ன?"

"அது எதுக்கு? உன்ன பத்தி கொறையா சொன்னத நீயே அப்பிடியே சொன்ன பாரு, நான் பாத்த மாப்ளைங்கள்ள ஒருத்தன் அப்பிடி சொல்லலடா. கதவுதான் கெடைக்கலைன்னு பாத்தேன். அதையும் தட்டி வச்சுட்டேன்."

அன்று சாயங்காலமே கையெழுத்துப் போட்டேன்.

போன மாசியில், அரூர் பஸ் ஸ்டாண்டில் சேலம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாயாம். யாரோ ஒரு பெண் தண்ணீர் கொடுத்தாளாம், வாங்கிக் குடித்தாயாம். அந்தப் பெண் யாரென்று அம்மா இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறாள். நான் கீழே போய் அந்த அம்மாவிடம் சொன்னேன். அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டு என் எதிரே உட்கார்ந்துகொண்டார். இருட்டும் வரை அங்கேயே இருந்தேன்.

அடுத்த மாதம் அம்மா வருகிறாள் சின்னம்மா. விமானம் என்றாலே பயந்தவள், "இனி யார அனுப்பறது? நானே வந்து பாக்கறேன்" என்கிறாள். இந்த முறை அட்டவணை கிடையாது. வந்து படியேறும்போது முதலில் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

காலையில் டப்பாவைக் கொடுத்தபோது கீழ்வீட்டு அம்மாவிடமும் விஷயத்தைச் சொன்னேன். சோடா இல்லாத தண்ணீராக வாங்கி வைக்கிறேன் என்றார். இறங்கப் போனவர் நின்று திரும்பினார்.

"உங்கள் அம்மாவும் உங்களைப் பற்றி என்னிடம் கேட்பாரா?"

"கேட்பார்."

"நான் என்ன சொல்லட்டும்?"

"உள்ளதைச் சொல்லுங்கள்" என்றேன். "நான் அப்படியே தமிழில் சொல்கிறேன்."