போனைப் பூட்டி வைத்த கதை

ஜூஜுவாடி
9.3.2025

சுப்ரியா அப்பாவுக்கு,

இங்கே நலம். அங்கே பனி விட்டதா? போர் நடத்துகிறதென்று, நீங்கள் இருக்கும் ரஷ்யாவுக்குப் போகும் சரக்கை எங்கள் கம்பெனியும் நிறுத்திவிட்டது. "நாலு பக்கமும் கதவச் சாத்துனா, அந்த ஊரு சனமே கவர்மெண்ட்டப் புடிச்சு உலுக்கும்" என்கிறார் சூப்பர்வைசர் சிவராஜ். எனக்கு அது சரியென்று பட்டது. ஒரு வருஷம் என்று சொல்லிப் போனவருக்கு மூன்று வருஷமாகிறது. நீங்கள் டிக்கெட் எடுக்கும்வரை இனி போன் கிடையாது, எனக்கும் சரி, உங்கள் மகளுக்கும் சரி. பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். அவளும் "அப்பாவுக்கு நம்ம மேல பாசமே இல்ல" என்றுதான் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

கோபத்துடன்,
ஜெயமணி

செல்யாபின்ஸ்க்
20.4.2025

அன்புள்ள மணிக்கு,

என் வீட்டு ஓனரம்மா கலீனா, முன்பெல்லாம் இந்த ஊர் கவர்மெண்டைத் திட்டிவிட்டுத்தான் காலையில் டீ போடுவாள். வெளிநாட்டுக் கடைகள் மூடி, மூட்டுவலி மாத்திரையும் வராமல் போனதும் இன்னும் திட்டுவாள் என்று நினைத்தேன். வாசலில் நாட்டுக் கொடியைக் கட்டிவிட்டாள்! எங்கள் வீட்டுச் சண்டையில் வெளியாளுக்கு என்ன வேலை என்கிறாள். அவள் மகன் மட்டும் இன்னும் கவர்மெண்டைத் திட்டுகிறான், அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு.

எனக்கும் அதே வியாதிதான். ஊருக்கு வர லீவு எழுதிக் கொடுத்திருந்தேன். போனைப் பூட்டியா என்னை வரவழைக்கிறாய் என்று வீம்பு வந்து, திரும்ப வாங்கிவிட்டேன். ஆனால் மகள் குரல் கேட்காமல் ஞாயிற்றுக்கிழமை நகர மாட்டேன் என்கிறது.

உன்,
பாஸ்கரன்

ஜூஜுவாடி
1.6.2025

சுப்ரியா அப்பாவுக்கு,

லீவைத் திரும்ப வாங்கினீர்கள் என்று படித்த அன்று வேலைக்குப் போகவில்லை.

உங்கள் கலீனா இந்த வீட்டிலும் இருக்கிறாள். வாய் ஓயாமல் உங்களைத் திட்டிய சுப்ரியா, போனைப் பூட்டிய வாரமே கட்சி மாறிவிட்டாள். உங்கள் படத்தைத் தலைமாட்டில் வைத்திருக்கிறாள். "எங்கப்பா யாருக்காக அங்க கெடக்குறாரு? நீதான் பேசவுடாம பண்ணிட்ட" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறாள். ஷிப்ட் முடிந்து வந்து தனியாகச் சாப்பிடுகிறேன். ஒரு டம்ளர் ரசம் வைத்தாலும் மீந்துபோகிறது.

பீரோவைத் திறந்து போனைக் கொடுத்துவிட்டேன். வாங்கிக்கொண்டாள், ஆனால் இன்னும் தட்டோடு மாடிக்குத்தான் போகிறாள். மாடியில் அவள் உங்களோடு சிரிப்பது கீழே கேட்கிறது. நான் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த வீட்டில் இப்போது எனக்கென்று ஒருத்தரும் இல்லை. லீவை மறுபடி எழுதிக் கொடுங்கள். நீங்களாவது வந்து என் பக்கம் இருங்கள்.

ஜெயமணி