பெரிய மனிதர் பேசிய கூட்டம்

அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் வணங்கி எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறாரா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

இங்கே ஒரு கூத்து நடந்தது, பயப்படாதே. பள்ளிக்குக் கட்டடம் கட்டிக் கொடுத்த பெரிய மனிதரை, நாட்டுப்பற்று பற்றிப் பேசத் தலைமையாசிரியர் அழைத்திருந்தார். அந்த ஆள் மைக்கைப் பிடித்து, வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்களை அடித்து விரட்ட வேண்டும் என்று நஞ்சைக் கக்கினார். இரண்டு பட்டம் வாங்கிய எங்கள் மேதைத் தலைமையாசிரியர் முன்வரிசையில் பல்லை இளித்துக்கொண்டு கைதட்டினார்.

என் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். "சார், எங்க டீச்சரும் வெளியூர்தான். அவங்களையும் அடிக்கணுமா?"

"உக்காரு! பெரியவங்கள எதுத்துக் கேள்வி கேக்குறதா?" என்று தலைமையாசிரியர் பாய்ந்தார்.

"கேக்கட்டும் சார். அதுக்குத்தானே பள்ளிக்கூடம் வச்சிருக்கோம்?" என்றேன்.

மறுநாளே என்னை வகுப்பிலிருந்து தூக்கி நூலகத்தில் போட்டுவிட்டார். வாயைப் பொத்தி வளர்த்த பிள்ளைகள் நாளை எவன் தடியை நீட்டினாலும் வாங்கிக்கொண்டு அடிக்க ஓடுவார்கள். அன்றைக்கும் இந்தத் தலைமையாசிரியர், காலம் கெட்டுவிட்டது என்று ஒரு கூட்டம் போட்டு, அதற்கும் மாலை வாங்கிக்கொள்வார். தூ!

ஒரு போர்வை அனுப்பு அம்மா. இங்கேயும் கடையில் கிடைக்கும்தான், இருந்தாலும் நீயே அனுப்பு.

மதிய மணி அடித்துவிட்டது. அந்தப் பெண் ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு நூலக வாசலில் நிற்கிறாள். "டீச்சர், ஒரு சந்தேகம்" என்கிறாள். எழுத நேரமில்லை, வருகிறேன்.

உன் மகள்