புகை ஏறிய காப்பி

என் பொன்னியக்காவுக்கு,

என்னைப் பற்றிக் கேட்க மாட்டாய், நம் ஐந்து வீட்டிலும் நீ நடவைத்த காப்பிச் செடிகளைப் பற்றித்தான் முதலில் கேட்பாய். அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். நல்ல சேதி ஒன்றும் இல்லை.

ஐப்பசிக் காய்ச்சலில் நீ போனபோது காய் பச்சையாக இருந்தது. கார்த்திகையில் சிவந்தது. நீ சொல்லிவைத்தபடி ஐந்து வீட்டுக்காரர்களும் பழுத்ததை மட்டும் ஒவ்வொன்றாகக் கிள்ளினோம். கிளையோடு உருவிப் போட்டே பழகிய பக்கத்துக் காட்டுச் சின்னசாமி மாமாகூட, “இது இன்னா, பொண்ணு பாக்குற மாதிரி பாத்துப் பாத்துப் பறிக்கணுமா?” என்று முனகிக்கொண்டே பறித்தார். எல்லோருடைய பழத்தையும் உன் வாசலில், வலை கட்டிய மேடையில் காயவைத்தோம். காவலுக்கு நான்.

அப்புறம் நாலு நாள் மழை விடவில்லை. தார்ப்பாய்க்குக் கீழே பூசணம் பிடித்துவிடுமோ என்று பயந்துபோனேன். நீ இல்லை, யாரைக் கேட்பது? விதைச் சாமையை நாம் எங்கே வைப்போம்? அடுப்புக்கு மேலே பரணில்தானே. புகை பட்டால் ஈரம் இறங்கும், பூச்சியும் அண்டாது. யாரிடமும் சொல்லாமல் அத்தனை பழத்தையும் பரணில் ஏற்றிவிட்டு, கீழே அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டேன். வெயில் வந்ததும் மறுபடி மேடையில் பரப்பினேன். என்னைவிடக் கெட்டிக்காரன் இந்த மலையில் இல்லை என்று நினைத்துக்கொண்டேன், அக்கா.

மாசியில் சென்னையிலிருந்து காப்பிக்காரர் வந்தார். நல்ல கொட்டையாகத் தருகிறோம் என்று நீ வாக்குக் கொடுத்தாயே, அவர்தான். நம் கொட்டையை வறுத்துப் பொடித்துக் கலக்கி, எல்லோருக்கும் ஒரு வாய் கொடுத்தார். எங்களுக்கு நன்றாகத்தான் இருந்தது. அவர் தம்ளரைக் கீழே வைத்தார். “புகை வாசம் வருதுங்க. மன்னிச்சுக்கங்க, இத எடுக்க முடியாது. பக்கத்துல அடுப்பு எதுனா எரிஞ்சிதா?” என்றார்.

புகையிலேயே சமைத்து, புகையிலேயே தூங்கி எழுகிற நமக்கு அது ஒரு வாசமாகவே தெரியவில்லை. எனக்கு மட்டும் சட்டென்று புரிந்தது. நான் தரையைப் பார்த்தேன்.

ஜீப் இறங்கிப் போனதும் சின்னசாமி மாமா சொன்னார்: “புகையும் இல்ல, ஒண்ணும் இல்ல. பொன்னி அரைகொறையா கத்துக்கினு வந்து நம்ம தலையில கட்டிட்டுப் போயிடுச்சி. மெதுவா காயணும், மூடி வையின்னு சொல்லிக்கினே இருந்துது. அதான் கெட்டுப்போச்சி.” யாரும் மறுக்கவில்லை. உன் கூடப்பிறந்தவன் நானும் வாயில் கொழுக்கட்டை வைத்தவன்போல் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது கோடை மழை விழுந்திருக்கிறது. மற்ற நாலு வீட்டிலும் காப்பியைப் பிடுங்கிவிட்டு மரவள்ளிக் குச்சி ஊன்றிவிட்டார்கள். காப்பிக்காரர் என் போனை எடுப்பதில்லை. எடுத்தால்தான் என்ன சொல்வது? தண்ணீர் பிடிக்கிற இடத்தில்கூட உன்னைத்தான் வைகிறார்கள். செத்தவளை இன்னும் எத்தனை நாள் வைவார்கள்? வெட்கமாக இருக்கிறது, அக்கா. உன்னை நினைத்து அழக்கூட எனக்கு யோக்கியதை இல்லை.

நாளை ஊர்க் கோயிலில் பொங்கல். ஐந்து வீடும் ஒரே பந்தியில் உட்காரும். பரணில் ஏற்றியது நான்தான் என்று அங்கே சொல்லிவிடுகிறேன். சின்னசாமி மாமா இலையை விட்டு எழுந்து போகலாம். ஒருவர் காட்டில் ஒருவர் மாறி மாறிச் செய்கிற கைமாற்று வேலைக்கு இனி யாரும் என் காட்டுக்கு வராமல் போகலாம். பிடுங்கிய செடி பிழைக்காது, நீயும் வரப்போவதில்லை. அவர்கள் வைகிற பேர் மட்டும் மாறும். அதையாவது செய்கிறேன்.

இத்தனை நாள் வாய் திறக்காத உன் தம்பி,
ராமன்